தேயிலைச் சக்கையில் பதிந்த கால்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான லைனில் எங்கள் வீட்டுக்கும் மாரியாயி அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பலகைகளின் இடுக்கு வழியாக அவள் வீட்டு வாசம் எங்கள் வீட்டுக்குள் தாராளமாக வந்து போகும். மற்ற வீடுகளில் கருவாடும் சாம்பிராணியும் விளக்கெண்ணெயும் கலந்து அடிக்கும். அவள் வீட்டில் என்றைக்கும் ஒரே வாசம்தான், கொதித்து ஓய்ந்த தேயிலையின் வாசம். லைனில் அவளுக்குச் சக்கை மாரியாயி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள் நான் இல்லை, ஆனால் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறேன்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சலாவுதீன் நானாவின் தேத்தண்ணிக் கடை. நானா ஒரு நீளமான துணிப்பையில் தூளைப் போட்டு, வெந்நீரை ஊற்றி, வடித்து வடித்துக் கொடுப்பார். மாலையில் அந்தப் பையைச் சாக்கடை ஓரமாக உதறுவார். இவள் உதற விடமாட்டாள். தகர டப்பாவோடு போய் நின்றுவிடுவாள்.

"இத என்னம்மா பண்ணுவே? மாடுகூடத் திங்காதே" என்று அவர் முதல் நாள் கேட்டாராம்.

"மாடு தின்னா மாட்டுக்குப் போடுங்க நானா. திங்காததைத்தானே கேக்குறேன்" என்றாளாம் இவள்.

கடைச் சக்கை எச்சில் ஆயிற்றே என்று லைனில் சிலர் முகம் சுளித்தார்கள். மாரியாயி அதற்கும் பதில் வைத்திருந்தாள். கிளாசில் மிஞ்சியது எச்சில், பையில் மிஞ்சியது எச்சிலாகாது, பையில் யார் வாய் வைத்தார்கள் என்று கேட்பாள். பெரிய வக்கீல் மாதிரி பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பும் இருக்காது.

எஞ்சின் புகை எங்கள் லைனுக்கு நித்திய விருந்தாளி. தரையில் துடைப்பத்தை வைத்தால் கரித்தூள் எழும்பி அடுப்பிலிருக்கும் குழம்பில் போய் இறங்கும். மாரியாயி மட்டும் ஈரச் சக்கையைத் தரை முழுவதும் தூவி, கரியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ள விட்டு, பிறகு கூட்டுவாள். தூசி எழும்பாது. மீன் சட்டியைச் சக்கை போட்டுத் தேய்ப்பாள், கவிச்சி போய்விடும். வெயிலில் காய்ந்த சக்கையைத் தணலில் போட்டுக் கொசுவை விரட்டுவாள். புழக்கடையில் இருந்த கறிவேப்பிலைச் செடி அந்தச் சக்கையைத் தின்றே கூரை உயரம் வளர்ந்தது. எனக்கு ஒரு தடவை கண்ணில் கட்டி வந்து இமை வீங்கியபோது, வெதுவெதுப்பான சக்கையைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். வலி குறைந்தது. அதற்குப் பிறகு கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுக்க நிறுத்தவில்லை.

நானா கடையில் நைந்துபோன வடிபைகளையும் அவள் விடுவதில்லை. துவைத்து, வெட்டி, சட்டி பிடிக்கும் துணி, விளக்குக் கண்ணாடி துடைக்கும் துணி, மஞ்சள் முடிகிற பை என்று ஆக்கிவிடுவாள். எத்தனை துவைத்தாலும் அந்தத் துணியின் பழுப்பு போகாது.

இத்தனையும் இருக்கட்டும். அவள் சக்கை சேர்த்ததற்கு உண்மையான காரணம் ஒன்றுதான். அது அவள் புருஷனுடைய பாதம்.

ரெங்கசாமி அண்ணனுக்கு ரயில்வேயில் கைகாட்டி விளக்கு வேலை. கைகாட்டி மரங்களில் ஏறி விளக்கைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, ஏற்றிவிட்டு வர வேண்டும். மழையானாலும் வெயிலானாலும் கனத்த பூட்ஸ். நாள் முழுக்க அதற்குள் வெந்துபோன கால் விரலிடுக்கெல்லாம் புண்ணாகி நாறும். மாரியாயி சக்கையை மறுபடி கொதிக்கவைத்து, அந்தக் கஷாயத் தண்ணீரை எனாமல் பேசினில் ஊற்றி முன்வாசலில் வைப்பாள். அவர் பூட்ஸைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு, இரண்டு காலையும் அதில் விட்டுக்கொண்டு உட்காருவார். சளக், சளக் என்று காலை அசைக்கிற சத்தம் பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். புண் ஆறியது. நாற்றமும் போயிற்று. பாதம் மட்டும் மருதாணி வைத்தது போலப் பழுப்பேறிவிட்டது.

இடது காலில் அவருக்குச் சுண்டுவிரல் கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டு விழுந்து நசுங்கிப்போனது. பூட்ஸில் அந்த இடம் காலியாக இருந்து கால் வழுக்கியதால், காய்ந்த சக்கையைப் பழைய வடிபைத் துணியில் வைத்துச் சின்னதாக ஒரு மூட்டை தைத்து, மாரியாயி அங்கே திணித்துக் கொடுத்திருந்தாள். "என் வெரலு மாரியாயி தச்ச வெரலு" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். குழந்தை குட்டி இல்லாத வீடு. அந்த இரண்டு பேருக்கும் அந்தப் பேசின்தான் பொழுதுபோக்கு என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷக் கடைசியில் பெருவெள்ளம் வந்தது. ஆறு எது, தெரு எது என்று தெரியவில்லை. லைனிலிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் பொழுது இறங்கும் முன்பே மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் அரிசியையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாரியாயி பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஆண்கள் வேலையில் இருந்தார்கள். ரெங்கசாமி அண்ணனைக் கடைசியாகப் பார்த்தவர் என் வீட்டுக்காரர்தான். கையில் லாந்தரோடு தண்டவாள ஓரமாக வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாராம். எங்கே அண்ணே போறீங்க என்று கேட்டதற்கு, "வீட்டுக்குத்தான். தண்ணி ஆறிடும்" என்றாராம். ஊரே தண்ணீரில் கிடக்கும்போது இந்த மனுஷனுக்குப் பேசின் தண்ணீர் ஆறுகிற கவலை என்று இவர் எங்களிடம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் இனித் திரும்பி வரமாட்டார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வெள்ளம் வடிந்தது. வீட்டுக்குள் சேறு, சேற்றுக்குள் பாத்திரம். ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒதுங்கிய பிணங்களைப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் அவர் இல்லை. ஆள் காணவில்லை என்று ஆபீசில் எழுதிக்கொடுக்க மாரியாயியை நான்தான் கூட்டிப்போனேன். புருஷன் பேர் என்ன என்று கேட்டபோது அவள் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. குமாஸ்தா மறுபடி மறுபடி கேட்டு, கடைசியில் நான் சொன்னேன். "பேரச் சொன்னா ஆயுசு கொறையும்" என்று திரும்பி வரும்போது என்னிடம் சொன்னாள். அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. அவளைப் பொறுத்தவரை அவருக்கு இன்னும் ஆயுசு மிச்சம் இருந்தது.

அவருடைய தம்பி வேலாயுதம் கிள்ளானில் இருந்தான். நல்லவன், ஆனால் எதையும் முடித்துவிட்டு மறுவேலை பார்க்கத் துடிக்கிறவன். தை பிறந்ததும் வெள்ளைப் புடவையோடு வந்து சேர்ந்தான். புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் வெள்ளைக் கோடி போட வேண்டும். இந்த ஊரில் அவளுக்குப் பிறந்த வீடு ஏது, அதனால் அவனே வாங்கி வந்துவிட்டான்.

"அண்ணி, அண்ணன் போயிட்டாரு. கருமாதி செய்யலேன்னா அவருக்கும் போக்கிடம் கெடையாது, நமக்கும் நிம்மதி கெடையாது."

"பொணத்தப் பாத்தியா தம்பி?"

"பாக்கல. அதுக்குத்தான் மாவு பரப்பிப் பாப்போம்னு சொல்றேன்."

செத்தவர் வீட்டில் அரிசி மாவைப் பரப்பிக் கதவைச் சாத்தி வைத்து, விடிந்ததும் அதில் என்ன தடம் இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வந்து போனாரா, எந்தப் பிறவி எடுத்தார் என்று அதில் தெரியும் என்பார்கள்.

"மாவு செத்தவங்களுக்குப் பரப்புறது. எங்க வீட்டுல யாரும் சாகல" என்று மாரியாயி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

புடவையை அவன் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் அவள் அதைச் சக்கைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தாள். கல் உப்புப் போட்டு, கிளறிக் கிளறி, பழுப்பேறிய பிறகு எடுத்துக் கொடியில் உலர்த்தினாள். அதையே கட்டிக்கொண்டு பைப்படிக்கு வந்தாள், கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. "கோடி போட்டாச்சு, ஆனா வெள்ளையில்ல" என்றாள் என்னைப் பார்த்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு மாலையும் பேசினில் தண்ணீர் வைப்பதையும் அவள் நிறுத்தவில்லை. கொதிக்கக் கொதிக்க வைப்பாள், ஆறும், காலையில் கொட்டுவாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. பேயைவிடப் புழக்கடை அட்டைக்குத்தான் எனக்குப் பயம்.

மாசியில் ஒரு நாள் நானா கடையில் ரயில்வே ஆட்கள் கூட்டம் அதிகம். சக்கை கிடைக்க நேரமாகிவிட்டது. மாரியாயி வந்து தரையில் தூவி முடித்தபோது கோயில் மணி அடித்துவிட்டது. விளக்கேற்றினாள். விளக்கு வைத்த பிறகு வீட்டைக் கூட்டினால் இருக்கிற லட்சுமியும் வெளியே போய்விடுவாள், ஆகவே கூட்டக் கூடாது. சக்கை தரையிலேயே கிடந்தது. பாயை ஓரமாக விரித்துப் படுத்துவிட்டாள்.

விடிந்ததும் பலகையைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். போனேன். புழக்கடைக் கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. கதவை ஒட்டி, ஈரச் சக்கையில் ஒரு வெறும் பாதம் பதிந்திருந்தது. இடது பாதம். நான்கு விரல்.

"அவருதான்" என்றாள். அவள் முகம் கல்யாணப் பெண் முகம் மாதிரி இருந்தது.

அவள் காலைப் பார்த்தேன். சின்னக் கால், ஐந்து விரலும் இருந்தன. என் காலையும் ஏனோ பார்த்துக்கொண்டேன்.

சேதி லைன் முழுக்கப் பரவி, கிள்ளானுக்கும் போயிற்று. வேலாயுதம் ஓடிவந்தான். மாவு பரப்ப வேண்டிய அவசியமே இல்லை, அண்ணன் செத்து ஆவியாக வருகிறார் என்பது இதிலேயே தெரிகிறது என்றான். மாரியாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேய்க்குக் கால் உண்டா தம்பி?"

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாவில் தடம் பதியும் என்பதும் நம் ஆட்கள்தான் சொல்கிறார்கள், பேய்க்குக் கால் இல்லை என்பதும் நம் ஆட்கள்தான் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்லிக்கொண்டு இத்தனை காலம் நிம்மதியாக இருந்திருக்கிறோம். அன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டோம்.

"கால் பதியுதுன்னா உசிரோட இருக்காரு. எங்கயோ அடிபட்டு, புத்தி தடுமாறித் திரியிறாரு. வீடு மட்டும் நெனப்பிருக்கு" என்றாள் மாரியாயி.

"தாழ் போட்ட கதவு வழியா எப்படி அண்ணி வருவாரு?"

அதை மட்டும் அவள் காதில் வாங்கவில்லை. ஆடி அமாவாசைக்குள் அண்ணன் ஆளாக வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் தர்ப்பையில் பொம்மை செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடுவேன், தாலியும் அன்றைக்கே இறங்கும் என்று சொல்லிவிட்டு வேலாயுதம் போனான்.

அன்றிலிருந்து அவள் வேண்டுமென்றே பொழுது சாயும் நேரத்தில் சக்கை தூவ ஆரம்பித்தாள். எல்லா நாளும் தடம் வரவில்லை. வந்த நாட்களில் முந்தியதைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வந்தது. கதவோரம் இருந்தது அடுப்பங்கரைக்கு வந்தது. பிறகு நடு வீட்டுக்கு. தடத்தைச் சுற்றி குழைந்த களிமண் ஒட்டியிருக்கும், குளத்தடி வாசம் வரும். நான் தினமும் போய்ப் பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போவேன்.

ஒரு மாலை மாரியாயி பைப்படிக்குப் போயிருந்தாள். நான் என் வீட்டில் பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சளக், சளக் என்று கேட்டது. பேசினில் கால் அசைக்கிற சத்தம். எத்தனையோ வருஷம் கேட்ட சத்தம், ஆகவே முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அண்ணன் வேலையிலிருந்து வந்துவிட்டார் என்று நினைத்துப் பயற்றைப் புடைத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் கை நின்றது. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். பேசின் பக்கத்தில் யாரும் இல்லை. தண்ணீர் மட்டும் விளிம்புக்கு விளிம்பு ஆடிக்கொண்டிருந்தது. அடியில் களிமண் படிந்திருந்தது.

அன்றைக்கு நான் பயந்தேன். அட்டை கிட்டை என்று இனி வீம்பு பேசப் போவதில்லை.

வைகாசி வந்தபோது தடம் மாரியாயியின் பாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவள் தலைமாட்டில் இரண்டு பாதமும் சேர்ந்தாற்போல, நின்று பார்த்தது மாதிரி. அன்று காலை அவள் முகத்தில் கல்யாணக் களை இல்லை. என்னை உட்காரவைத்து மெல்லக் கேட்டாள்.

"ராஜம்மா, ஒண்ணு கவனிச்சியா? உள்ள வர்ற காலுதான் இருக்கு. போற காலு ஒருநாளும் இல்ல."

வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். மூலையில் அவருடைய பழைய சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு. அவரு எப்பவும் முன்வாசலாத்தான் வருவாரு. நான் முன்வாசல்லதான் பேசின் வெச்சுக் காத்திருக்கேன். இந்தக் காலு புழக்கடைலேருந்து வருது. அங்கேருந்து யாரு வருவா? அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

அந்தப் பக்கம் புல், அதைத் தாண்டிப் பழைய செங்கல் சூளைக்காரர்கள் களிமண் வெட்டிய குழி. எங்கள் புழக்கடையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. வெள்ளத்தில் நிரம்பி, சேறும் பாசியும் மூடிப் பச்சையாகக் கிடந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு அவள் காலமெல்லாம் இருந்திருக்கலாம். வேலாயுதம் கத்திவிட்டுப் போயிருப்பான், லைன் நாலு நாள் பேசிவிட்டு வேறு கதைக்குப் போயிருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கால் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்கத் துணிந்தாள்.

வீட்டுக்குள் தூவுவதை விட்டுவிட்டு, புழக்கடைக் கதவுக்கு வெளியே தூவினாள். தடம் வந்தது, கதவைப் பார்த்து. அடுத்த நாள் அதற்கும் அப்பால் தூவினாள். நானா கடைச் சக்கை போதவில்லை. நானா காரணம் கேட்காமல் பக்கத்துக் கடைகளிலும் சொல்லிவைத்து டின் டின்னாகச் சேர்த்துக் கொடுத்தார். அந்த மாதம் மழையும் ஒதுங்கி நின்றது. கறிவேப்பிலைச் செடியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, புல்லை ஒதுக்கிவிட்டு, பழுப்பாக ஒரு ஒற்றையடிப் பாதை நீண்டுகொண்டே போயிற்று. காலையில் நாங்கள் இரண்டு பேரும் அதன் ஓரமாக நடந்து பார்ப்போம். வலது பாதம், இடது பாதம், நான்கு விரல். எல்லாம் வீட்டைப் பார்த்தபடி.

லைனில் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள்.

பாதை குழிக்கரைக்கு வந்து சேர்ந்த காலை, தடம் தண்ணீர் விளிம்பிலிருந்து தொடங்கியது. முதல் தடத்தில் குதிகால் தண்ணீருக்குள் இருந்தது, விரல்கள் சக்கையில் இருந்தன. மாரியாயி அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். பிறகு, "கொழுந்தனுக்குச் சொல்லி அனுப்பு" என்றாள்.

ஆடி அமாவாசைக்குக் கொஞ்ச நாள் முந்தியே வேலாயுதம் வந்தான். தர்ப்பைக் கட்டும் பூசாரியுமாக வந்தவனை அவள் வீட்டுக்குள் விடாமல் நேரே குழிக்குக் கூட்டிப்போனாள்.

"பொம்மையெல்லாம் வேணாம் தம்பி. இதை எறைங்க."

அவன் தடங்களைப் பார்த்தான். கையிலிருந்த தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினான். லைன் ஆண்கள் வாளிகளோடு வந்தார்கள். என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு கைப்பம்பு கொண்டுவந்தார். நாள் முழுக்க இறைத்தார்கள், மறுநாளும் இறைத்தார்கள். மாரியாயி கரையில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் இறங்க இறங்க அவள் தாலிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

சேற்றில் முதலில் தெரிந்தது லாந்தர். பிறகு அவர். எங்கள் பக்கத்துக் கரையில் வெட்டியிருந்த பழைய மண்படிக்குக் கீழே, ஒருக்களித்துக் கிடந்தார். எலும்பும் காக்கித் துணியும்தான். பூட்ஸ் காலில் இல்லை. படியின் மேலே, சேற்றுக்குள், இரண்டு பூட்ஸும் ஒன்றையொன்று ஒட்டி, வார் அவிழ்த்து, ஒழுங்காக வைத்தபடி இருந்தன. வேலாயுதம் இடது பூட்ஸுக்குள் கைவிட்டு, பழுப்புத் துணி மூட்டை ஒன்றை எடுத்தான். மாரியாயி தைத்த விரல்.

வெள்ளத்தில் நீந்துவதற்காகக் கழற்றியிருப்பார் என்றார் என் வீட்டுக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"நீந்துறவன் பூட்ஸ ஜோடி சேத்து வெப்பானா?" என்றாள் மாரியாயி. "எங்கும் தண்ணி, இருட்டு. காலுக்குப் படி தட்டுப்பட்டிருக்கு. வீட்டுப் படின்னு நெனச்சிருக்காரு. வீட்டுக்குள்ள வரத்தானே கழட்டியிருக்காரு."

எனக்கு அழுகை வந்தது, அடக்க முயலவில்லை. தண்ணி ஆறிடும் என்று சொன்னாரே அந்த மனுஷன்.

எரிக்கும் முன் குளிப்பாட்ட வேண்டும் என்று பூசாரி பால் கேட்டார். மாரியாயி உள்ளே போய் அடுப்பு மூட்டினாள். சக்கையைக் கொதிக்கவைத்து, பேசினில் ஊற்றி, கைவிட்டுச் சூடு பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேலாயுதம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். அவள் பாத எலும்புகளை ஒவ்வொன்றாக அந்தத் தண்ணீரில் கழுவி, துணியில் வைத்தாள். அவசரப்படவில்லை. கடைசியில் கழுத்துக் கயிற்றைத் தானே அவிழ்த்து அந்தப் பேசினில் போட்டாள். எந்தப் பெண்ணும் அவளைச் சுற்றி உட்கார்ந்து மாரடிக்க அவள் விடவில்லை.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. நான் அவள் வீட்டில் விளக்கேற்றினேன். மாரியாயி துடைப்பத்தை எடுத்தாள். தலைமாட்டிலிருந்து ஆரம்பித்து, நடு வீடு, அடுப்பங்கரை, புழக்கடைக் கதவு என்று மிச்சம் கிடந்த சக்கையையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.

"விளக்கு வெச்சாச்சுக்கா. கூட்டாதே" என்றேன், வாய்ப் பழக்கத்தில்.

அவள் நிமிரவில்லை.

"போறதுக்கு இனி என்ன இருக்கு ராஜம்மா?" என்று கேட்டுவிட்டு, பாதையை இரண்டு பக்கமும் கூட்டிக்கொண்டே குழி வரைக்கும் போனாள்.

அதற்கப்புறம் தடம் எதுவும் வரவில்லை. மாரியாயி அந்த லைனில் இருக்க முடியாதே, வீடு ரயில்வேக்காரனுடையது. வேலாயுதத்தோடு கிள்ளானுக்குப் போனாள். நான் சில வருஷம் கழித்து அங்கே போய்ப் பார்த்தேன். அங்கேயும் சக்கைக்கு ஒரு தேத்தண்ணிக் கடையைப் பிடித்து வைத்திருந்தாள், அங்கேயும் வீடு முழுக்க அந்த வாசம்தான். சாகிற வரைக்கும் அவள் வெள்ளை கட்டவில்லை. அந்தக் கோடி வெளுக்க வெளுக்கச் சக்கைத் தண்ணீரில் முக்கி முக்கிக் கட்டினாள்.

பேசின் எங்கே என்று கேட்டேன். வாசலில் படிக்குப் பக்கத்தில், கவிழ்த்து வைத்திருந்தாள்.